கறியைக் குறைக்கும் வீட்டுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் நாலைந்து நாள் கோழி, மீன், முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி என்று சமைக்கும் வீட்டை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை. மரக்கறியிலேயே வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். அளவுகளில் வேறு குறிப்பு இல்லையென்றால் பருப்பு, பயறு எல்லாம் ஊறவைக்காத காய்ந்த எடை, கறி என்பது சமைக்காத எடை.

எங்கிருந்து தொடங்குவது? ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

நிறுத்தலாம், ஆனால் பெரும்பாலோருக்கு அது நிற்பதில்லை. கறி போன இடத்தில் என்ன வரும் என்பதை முதலில் முடிவு செய்யாமல் கறியை எடுத்தால், அந்த இடத்தில் சோறும் உருளைக்கிழங்கும் வந்து உட்கார்ந்துவிடும். பத்தாம் நாள் பசி, பதினைந்தாம் நாள் பிரியாணிக் கடை.

அதனால் முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காதீர்கள். தினம் ஒரு பயறு உணவைக் கூட்டுங்கள். மாலையில் சுண்டல், காலையில் பெசரட்டு, இரவில் அடை, எதுவானாலும் சரி. வயிறும் பழகும், ஊறவைக்கும் பழக்கமும் வரும். பயறு சமைக்காமல் விட்டுப்போவதற்கு முதல் காரணம் முந்தின இரவு ஊறப்போட மறந்ததுதான்.

மூன்றாம் வாரத்திலிருந்து குறைக்கும்போது ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போக வேண்டியது ஆசைப்பட்டுச் சாப்பிடாமல் கையில் கிடைத்ததால் சாப்பிடும் கறி: சாயங்காலச் சிக்கன் 65, ஷவர்மா, ஃப்ரீசரில் இருக்கும் நகெட்ஸ், சாசேஜ். சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அப்போது சொன்ன கணக்கு. அடுத்து, வாரநாள் மதியத்தில் வெறும் துணைக்கறியாக வரும் கோழி. பிறகு இரவு முட்டை. மீனைக் கடைசிக்கு விடலாம். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஆறு மாதத்துக்குக் கை வைக்கவே வேண்டாம். வாரம் ஐந்து நாள் ஒரு நாளாகக் குறைந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. மீதி ஒரு நாளுக்காக வீட்டில் சண்டை போடுவது வீண்.

புரட்டாசியில் ஒரு மாதம் கறியே சாப்பிடுவதில்லை. அதையே நீட்டினால் போதாதா?

நல்ல தொடக்கம்தான். வீடு முழுக்க ஒரே நேரத்தில் நிறுத்துவதால் யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ வீடுகளில் தவக்காலமும், மாலை போட்ட வீடுகளில் விரத நாட்களும், யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் இதே வசதியைத் தருகின்றன.

சிக்கல் சமையலில் இருக்கிறது. புரட்டாசித் தட்டில் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாம்பாரில் ஒருவர் பங்குக்கு விழும் துவரம்பருப்பு பெரும்பாலும் 15 கிராம். அதில் மூன்று கிராம் சொச்சம் புரதம், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு இது தாங்கும், ஆறு மாதத்துக்குத் தாங்காது. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு கறிக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதத்தை நீட்ட நினைத்தால் உருளைக்கிழங்கு வறுவல் வரும் நாட்களில் பாதியையாவது மொச்சை, தட்டைப்பயறு, கொண்டைக்கடலையாக மாற்றுங்கள்.

கறி இல்லாமல் புரதம் கிடைக்குமா? எவ்வளவு வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வகுத்த அளவுப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம்.

ஒரு சாதாரண நாளைப் போட்டுப் பார்ப்போம். காலை நான்கு இட்லியில் 8 கிராம், மதியம் 100 கிராம் அரிசியின் சோற்றில் 7, சாம்பாரில் 3, தயிரில் 5, கோழி 100 கிராமில் 20, இரவு மூன்று தோசையும் சட்னியும் சேர்ந்து 8. மொத்தம் 51. இதில் கோழியை எடுத்துவிட்டு உருளைக்கிழங்கை வைத்தால் 33-க்கு இறங்கிவிடும். 18 கிராம் பள்ளம்.

இந்தப் பள்ளத்தை ஒரே வேளையில் பருப்பால் நிரப்பப் பார்க்காதீர்கள். 20 கிராம் புரதத்துக்குக் கிட்டத்தட்ட 90 கிராம் பயறு வேண்டும். வெந்தால் அது இரண்டு கிண்ணத்துக்கு மேல் வரும், ஒரே மூச்சில் யாராலும் சாப்பிட முடியாது. நாள் முழுக்கப் பரப்புங்கள். 40 கிராம் கருப்புக் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 8 கிராம். சட்னியில் தேங்காயைப் பாதியாக்கி வேர்க்கடலையோ பொட்டுக்கடலையோ 25 கிராம் சேர்த்தால் 5 முதல் 6. குழம்பில் இன்னொரு 20 கிராம் பருப்பைக் கூட்டிக் கெட்டியாக்கினால் நாலரை. பள்ளம் மூடிவிட்டது.

ஒரே வேளையில் மூட வேண்டுமென்றால் மீல் மேக்கர் என்ற சோயா உருண்டைதான் வழி. 40 கிராம் காய்ந்த மீல் மேக்கரில் 20 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையிலும் நூற்றுக்கு 25 உண்டு, ஆனால் அதன் எண்ணெய்ச் சத்தால் 25 கிராமிலேயே 140 கலோரி ஏறிவிடும். கைநிறைய அள்ளிப் போட்டுக்கொள்கிற பண்டம் அல்ல. காளானையும் பலாக்காயையும் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டிலும் நூறு கிராமுக்கு மூன்று கிராம் வந்தால் அதிகம்.

அரிசியையும் பருப்பையும் ஒரே வேளையில் சாப்பிட்டால்தான் முழுப் புரதமா?

இல்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். ஆனால் ஒரே நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

அடையும் இட்லியும் செய்யும்போது பருப்பைக் கூட்டலாமா?

அடையில் தாராளமாகக் கூட்டலாம். ஒரு கப் புழுங்கல் அரிசிக்கு ஒன்றரைக் கப் கலந்த பருப்பு: துவரை அரை, கடலை அரை, பாசியும் உளுந்தும் கால் கால். மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து அன்றே வார்க்கலாம். புளிக்கத் தேவையில்லை. உளுந்தை விட்டுவிட்டால் திருப்பும்போது விண்டுபோகும். கடலைப்பருப்பு கூடினால் ஆறியதும் வறட்டியாகும். முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, சிறு தீயில் நிதானமாக வேகவிடுங்கள்.

இட்லியில் அப்படிக் கூட்ட முடியாது. மூன்றுக்கு ஒன்றைத் தாண்டி உளுந்து போனால் மாவு பொங்கும், இட்லி தட்டையாகி ஒட்டும்.

எவ்வளவு விசில் விட்டாலும் கொண்டைக்கடலை வேகவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பலர் பயறைக் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பழைய சரக்கு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு இறுகிவிடும், அதற்கு வைத்தியம் இல்லை. ஊறிய பிறகு கையால் அளைந்து பாருங்கள். உப்பாமல், தோல் சுருங்காமல், போட்டபோது இருந்த அளவிலேயே கிடக்கும் கடலைகள் கல் கடலை. அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டியதுதான். பாதி வெந்து பாதி வேகாமல் போனால் கடைக்காரர் பழையதையும் புதியதையும் கலந்திருக்கிறார். சரக்கு வேகமாக நகரும் கடையில் அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்குங்கள்.

இரண்டாவது, தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயறின் தோலில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போடுங்கள். உப்பின் சோடியம் அந்தக் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதால் தோல் இளகும். ‘உப்புப் போட்டால் வேகாது’ என்ற பேச்சு பரவலாக உண்டு, ஊறும் தண்ணீரைப் பொறுத்தவரை அது நேர்மாறு. வேகவைக்க மட்டுமாவது குடிக்கிற வடிகட்டிய தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கடைசி உபாயமாகக் கால் கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், தயாமின் சத்தும் அழியும்.

மூன்றாவது, புளிப்பு. புளியோ தக்காளியோ எலுமிச்சையோ விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு பயறு மேற்கொண்டு மெத்தென்று ஆகாது. முழுக்க வெந்ததைக் கிள்ளிப் பார்த்துவிட்டே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும்.

நான்காவது, அவசரம். எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறிய கருப்புக் கொண்டைக்கடலைக்கு நடுத்தரத் தீயில் ஐந்தாறு விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம், ஆவி தானாக அடங்கும் வரை காத்திருப்பு. விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும், அந்தப் பத்து நிமிடம் மாறாது.

ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குக்கரில் வேகவைத்தால் பயமில்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாகப் போடக் கூடாது.

நேரமே இல்லாதவர்கள், குறிப்பாக லண்டன், டொரொண்டோ பக்கம் இருப்பவர்கள், 400 கிராம் டின் கொண்டைக்கடலை வாங்கலாம். தண்ணீர் வடித்தால் 240 கிராம் தேறும், 17 கிராம் அளவுக்குப் புரதம். அலசிவிட்டுப் பயன்படுத்தினால் உப்பு குறையும்.

பயறு சாப்பிட்டால் வாயு பிடிக்கிறதே?

ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளைச் சிறுகுடல் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைப்பதால் வாயு வருகிறது. ஊறும்போது தண்ணீரை ஒருமுறை மாற்றி, கடைசியில் ஊறிய நீரைக் கொட்டினால் ஒரு பங்கு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், ஆனால் முளைப்பயறைப் பச்சையாகத் தின்னாமல் ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள்.

மீதி, வயிறு பழகுவதில் இருக்கிறது. வெந்த பயறு இரண்டு மேசைக்கரண்டியில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் ஒரு கிண்ணத்துக்கு வாருங்கள். தோல் நீக்கிய பாசிப்பருப்பு எளிது, அடுத்து தட்டைப்பயறு, பிறகு கொண்டைக்கடலை, கடைசியில் மொச்சையும் ராஜ்மாவும். பெருங்காயமும் இஞ்சியும் போடுங்கள், வாசனைக்காவது ஆகும். ஊறவைத்த நீரைக் கொட்டுவதுதான் அவற்றைவிட வேலை செய்கிறது.

மீல் மேக்கர் ஒருவித வாடை அடிக்கிறது, ரப்பர் மாதிரி இருக்கிறது.

பிழியாததுதான் இரண்டுக்கும் காரணம். 50 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு டீஸ்பூன் உப்பும் தட்டிய இஞ்சித் துண்டும் போட்டு, மீல் மேக்கரைச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். பத்து நிமிடம் கழித்து வடித்துக் குளிர்ந்த நீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழியுங்கள். கலங்கலாக மஞ்சள் தண்ணீர் வரும், வாடை அதில்தான். மறுபடி நீரில் போட்டுப் பிழியுங்கள். மூன்றாம் முறை வருவது ஏறக்குறைய தெளிவாக இருந்தால் போதும்.

பெரிய உருண்டைகளை இரண்டாக நறுக்கி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு பிசறி அரைமணி நேரம் வையுங்கள். பிழிந்து காலியான துளைகளில் மசாலா ஏறுவது இப்போதுதான். பிறகு சூடான எண்ணெயில் மூன்று நிமிடம் ஓரம் சிவக்க வதக்கிவிட்டுக் குழம்பில் போட்டுப் பத்து நிமிடம். வதக்காமல் நேராகக் குழம்பில் போட்டால் சொதசொதவென்றும், எண்ணெயில் அதிக நேரம் விட்டால் தோல் போலவும் ஆகும்.

இலங்கையில் சோயா மீட் என்று விற்கும் பொட்டலங்களில் பலவற்றில் மசாலாத்தூளும் உள்ளே இருக்கும். அதை முழுதும் போட்டால் உப்பு தூக்கலாகிவிடும், பாதி போதும்.

ஆண்கள் சோயா சாப்பிட்டால் ஹார்மோன் கெடும் என்கிறார்களே?

2010-லும் 2021-லும் வந்த தொகுப்பாய்வுகள், சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை மாற்றவில்லை என்றே காட்டின. நாளைக்கு 30, 40 கிராம் மீல் மேக்கரில் பயப்பட ஒன்றுமில்லை. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள், சோயா அந்த மருந்து உடலில் ஏறுவதைக் குறைக்கும்.

கறிக்குழம்பின் சுவை கறி இல்லாமல் வருமா?

முக்கால்வாசி வரும். பரோட்டாக் கடையில் ஊற்றும் எம்டி சால்னாவில் ஒரு துண்டு கறி இருக்காது, யாரும் சுவையில்லை என்று சொன்னதில்லை. சோம்பு, பட்டை, கல்பாசி, நன்றாகச் சிவந்த சின்ன வெங்காயம், தேங்காயோடு அரைத்த கசகசா, மேலே மிதக்கும் எண்ணெய், இவைதான் அந்தச் சுவை.

கறி தருவதில் குறைவது கொழுப்பும் எலும்பிலிருந்து இறங்கும் பிசுபிசுப்பும். அதனால் வழக்கமான எண்ணெயைவிட ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி, அல்லது பொட்டுக்கடலை, தேங்காயோடு சேர்த்து அரையுங்கள், குழம்பு கூடிவரும். மசாலாத்தூளை மட்டும் கால் பங்கு குறைக்க வேண்டும். அரைமணி நேரம் வேகும் கறிக்குப் போடும் காரம், பத்து நிமிடத்தில் வேகும் காளானில் பச்சையாக நிற்கும்.

உள்ளே போடும் பொருளைப் பொறுத்துக் கைப்பக்குவம் மாறும். காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் துடைத்து, அகலமான வாணலியில் பெரிய தீயில், உப்பில்லாமல் வதக்குங்கள். நெருக்கிப் போட்டாலோ முதலிலேயே உப்புப் போட்டாலோ தண்ணீர் விட்டு அவிந்துபோகும். நார் நாராகப் பிரிய வேண்டுமென்றால் சிப்பிக் காளானைக் கையால் கிழித்துப் போடுங்கள், மொட்டுக் காளான் அதற்கு ஆகாது. பலாக்காய்க்குக் கொட்டை முற்றாத பிஞ்சு வேண்டும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி நறுக்கி, மஞ்சள், உப்போடு முக்கால் பதம் வேகவைத்துவிட்டு மசாலாவில் போடுங்கள். பிரியாணியில் இவற்றைக் கடைசி அடுக்காக, தம் போடும்போது வையுங்கள்.

மீனுக்கு என்ன மாற்று?

குழம்புக்கு எளிது, ஏனென்றால் மீன் குழம்பைத் தூக்கி நிறுத்துவது புளி, வெந்தயம், பூண்டு, நல்லெண்ணெய், ஒரு துண்டு மாங்காய். வாழைக்காயையோ வேகவைத்த சேப்பங்கிழங்கையோ எண்ணெயில் வாட்டிப் போட்டு மறுநாள் சாப்பிட்டுப் பாருங்கள்.

வறுவலுக்குச் சேனைக்கிழங்கு. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை போட்டு, மஞ்சளும் புளியும் கரைத்த நீரில் முக்கால் பதம் வேகவையுங்கள். நாக்கில் அரிப்புத் தருவது ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட், புளிநீர் அதை அடக்கும். பிறகு துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் மசாலா கல்லில் ஒட்டிக்கொண்டு வில்லை மொட்டையாக வரும். மீன் மசாலாவில் ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு சேர்த்துத் தடவி, இருபது நிமிடம் கழித்துத் தோசைக்கல்லில் சுடுங்கள். புரதம் இதில் சொற்பம், பக்கத்தில் கெட்டிப் பருப்பு இருக்கட்டும்.

கருவாட்டுக்கு மாற்று கிடையாது. பிரியமிருந்தால் மாதம் ஒருமுறை கருவாடே சாப்பிடுங்கள்.

வீட்டில் பாதிப் பேர் கறி கேட்கிறார்கள். இரண்டு சமையலா?

வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, கறியைப் பாதியாக்குவது. நாலு பேருக்கு அரைக்கிலோ ஆட்டுக்கறி எடுக்கும் வீட்டில் கால் கிலோ எடுத்து, 100 கிராம் கருப்புக் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சேருங்கள். ஊறிய கடலைக்கும் ஆட்டுக்கறிக்கும் வேகும் நேரம் ஏறக்குறைய ஒன்று, ஒரே குக்கரில் போடலாம். தக்காளியை மட்டும் தனியே வதக்கி, குக்கர் திறந்த பிறகு தேங்காய் அரைத்ததோடு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொத்துக்கறியில் இன்னும் சுலபம்: 300 கிராமுக்குப் பதில் 150 கிராம் கொத்துக்கறி, 40 கிராம் மீல் மேக்கர் குருணை. குருணையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, கறி சிவந்து கொழுப்பு விட்ட பிறகு போடுங்கள். அந்தக் கொழுப்பைக் குருணை குடித்துக்கொள்ளும், சொன்னால் ஒழியத் தெரியாது. வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டே செய்வது நல்லது.

இன்னொன்று, குழம்பைப் பிரிப்பது. மசாலாவும் வெங்காயம், தக்காளியும் பொதுவாகத் தயாராகட்டும். கறியைத் தனிக் குக்கரில் வேகவைத்து ஒரு பாதியிலும், வெந்த மொச்சையும் கத்திரிக்காயும் மறு பாதியிலும். கரண்டியும் இரண்டு.

பி12 பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

செடியில் அது இல்லாததால். இட்லி மாவு, பழைய சோறு, ஸ்பைருலினா எதையும் நம்பாதீர்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடல் பயன்படுத்த முடியாத வடிவம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் சொச்சம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 1, ஒரு முட்டையில் அரை அளவுக்குக் கிடைக்கும். வாரம் இருமுறை மீனோ கறியோ சாப்பிட்டு, தினம் பாலும் தயிரும் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் குறை வராது.

பால், முட்டையும் விட்டவர்களுக்கு மாத்திரை கட்டாயம். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000. அளவில் இவ்வளவு வேறுபாடு ஏனென்றால், ஒரு வேளையில் இரைப்பையின் உதவியோடு உடல் எடுத்துக்கொள்வது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் போவதில் சுமார் நூற்றில் ஒரு பங்கே ரத்தத்தில் சேரும்.

ஈரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பு இருப்பதால் குறை மெதுவாகத் தெரியும்: பாதத்தில் மதமதப்பு, நாக்கு வழவழப்பு, காரணமில்லாத அசதி. கீரை, பயறு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் நிறைந்திருப்பதால் ரத்தசோகை வெளியே தெரியாமல் நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டிருக்கலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் இன்னும் கவனம், அந்த மருந்தே பி12 ஏறுவதைக் குறைக்கும்.

இரும்பு, கால்சியம், அயோடின், ஒமேகா-3?

இரும்பில் கோழியை விடுவதால் பெரிய நட்டமில்லை, அதில் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்தான். ஈரலையும் ரத்தப் பொரியலையும் விடும் பெண்கள் யோசிக்க வேண்டும். கொள்ளு, கீரை, தட்டைப்பயறில் இரும்பு உண்டு, உடலில் ஏறுவதுதான் கம்மி. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, சாப்பிட்டு ஒரு மணி நேரம் டீ, காபி குடிக்காமல் இருப்பது, புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பது, மூன்றும் பலன் தரும்.

நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டுக் கிடைத்த கால்சியத்துக்குக் கேழ்வரகு (நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவு), எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. பசலையிலும் பாலக்கிலும் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அயோடினில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஆரோக்கியமாக’ மாறும் அதே மாதத்தில் மீனையும் விட்டு, அயோடின் உப்பையும் விட்டு, இந்துப்புக்குப் போகிறார்கள். இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை. அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும்.

மீன் எண்ணெய்க்கு ஈடாக ஆளி விதைப் பொடி தினம் ஒரு மேசைக்கரண்டி. முழு விதையாகப் போட்டால் அப்படியே வெளியேறும். ஆளி விதையின் ஒமேகா-3, மீனில் உள்ள வடிவமாக உடலில் மாறுவது கொஞ்சம்தான். பாசியிலிருந்து எடுக்கும் மாத்திரைகள் கடையில் உண்டு.

சர்க்கரை நோய் இருக்கிறது. கறியை விட்டால் நல்லதுதானே?

தட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சென்னையின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம். ஏற்கெனவே நம் தட்டில் மாவுச்சத்து அதிகம். கறி போன இடத்தில் இன்னொரு கரண்டிச் சோறு விழுந்தால் சர்க்கரை ஏறும். சோற்றின் அளவைக் கூட்டாமல், கறி இருந்த இடத்தில் முழுப்பயறு, மீல் மேக்கர், டோஃபு வைத்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு நன்றாகக் கட்டுப்படும். பரோட்டா, அப்பளம், பஜ்ஜி எல்லாமே மரக்கறிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பால், நெய்யையும் விட வேண்டுமா?

உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. விடுவதானால் தயிருக்கு வேர்க்கடலை கைகொடுக்கும். ஒரு கப் கடலையை இரவு ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். சிறு தீயில் கிளறிக்கொண்டே எட்டு நிமிடம் கொதிக்கவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆறேழு பச்சை மிளகாய்க் காம்பை அமிழ்த்தி மூடிவையுங்கள். காம்பில் உள்ள பாக்டீரியா உறைகுத்தும், பத்து மணி நேரம் ஆகும். முதல் தடவை தளதளவென்றும் லேசான காரத்தோடும் வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றினால் இரண்டாம் தடவை சரியாகும். மோர்க்குழம்புக்கும் பச்சடிக்கும் நன்றாக இருக்கும், வெறும் தயிர்சாதத்தில் கடலை வாசம் தெரியும். கால்சியம் பால் அளவுக்கு இதில் இல்லை.

கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இந்தியாவில் பச்சை வட்டம் போட்ட பொட்டலத்தில் பால், நெய், தேன் இருக்கலாம். முட்டை இருந்தால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் வரும். விலங்குப் பொருளே இல்லாதவற்றுக்கு, 2022-இல் வந்த விதிகளின்படி இலையோடு கூடிய ‘வி’ எழுத்துச் சின்னம் தனியாக உண்டு. ஹோட்டலில் பரோட்டா மாவில் முட்டையும் பாலும் சேர்ப்பது சகஜம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு இதனால் ஏதாவது ஆகுமா?

ஆகும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 கணக்குப்படி மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது, அதில் பெரும்பங்கு மாட்டினம். பல்லடம் பக்கத்துப் பிராய்லர் பண்ணைகளில் கோழிக்குப் போவது மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். அந்தச் சோயாவை நாமே சாப்பிட்டால் இடையில் கழிவது மிச்சம். நெல் வயலும் மீத்தேன் விடுகிறது, ஆகவே கறிக்குப் பதில் சோற்றைக் கூட்டுவது இந்தக் கணக்கிலும் உதவாது.

யார் மருத்துவரைக் கேட்காமல் மாறக் கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோயாளிகள் (பயறில் பொட்டாசியம் கூடுதல்), ரத்தசோகை உள்ளவர்கள், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள். கவுட் (யூரிக் அமிலம் சேர்ந்து மூட்டு வீங்கும் நோய்) உள்ளவர்கள் பருப்புக்குப் பயந்து கேட்பார்கள். ஈரல், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி அளவுக்குப் பயறு யூரிக் அமிலத் தொல்லை தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

சிறு குழந்தைகளுக்குக் கறியைக் குறைக்கலாம், ஆனால் முட்டையும் பாலும் இருக்கட்டும். அவர்கள் வயிறு சிறியது, நார்ச்சத்து நிறைந்த உணவில் போதிய கலோரி சேரும் முன்பே நிரம்பிவிடும். பயறைக் குழைய வேகவைத்து நெய்யோ எண்ணெயோ விட்டுக் கொடுங்கள்.

மற்றவர்கள் மாறும் முன் ஒருமுறையும் ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி பார்த்துக்கொள்ளலாம். பி12 மாத்திரை ஏற்கெனவே எடுக்கிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரையால் ஏறிய எண் உணவிலிருந்து கிடைப்பதைக் காட்டாது.